கழன்ற மரை

ஒரு பொமேன் தான் செய்த வேலையைப் பற்றி யாரிடம், எவ்வளவு சொல்லியாக வேண்டும்? இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை என்று என் மாமா நினைக்கிறார். பாயான் பாருவில் அவருக்கு ஒரு வொர்க்‌ஷாப் இருக்கிறது. சனிக்கிழமைகளில் நான் அங்கே பில் எழுதுகிறேன், அதனால் எனக்கு யோசிக்காமல் இருக்க முடியவில்லை. வண்டிக்குள் நடந்தது முழுவதும் பில்லில் வராது. வாஷர், எண்ணெய், கூலி என்று நாலு வரி வரும். மிச்சம் எங்கே போகிறது, அப்படிப் போகலாமா என்பதுதான் விஷயம்.

வெளியூர் வாசகர்களுக்கு: பொமேன் என்றால் மெக்கானிக். ஆங்கில ‘ஃபோர்மேன்’ மலாய் வாய்க்குள் போய்த் திரும்பி வந்த சொல். எங்களுக்கு வேறு சொல் தேவைப்பட்டதில்லை.

இன்னொரு சொல்லும் வேண்டும். திருகாணியில் சுற்றிச் சுற்றி ஓடுகிற புரிக்கு மரை என்று பெயர். ‘அவனுக்கு மரை கழண்டுடுச்சு’ என்று ஒருவரைப் பைத்தியமாக்குகிறோமே, அந்த மரை. இணையத்தில் பாதிப் பேர் அதை ‘மறை’ என்று வல்லின றகரம் போட்டு எழுதுகிறார்கள். பிழைதான். ஆனாலும் எனக்குப் பிடித்த பிழை. மரை உலோகத்துக்குள் மறைந்து கிடப்பது. போல்ட்டை மாட்டிவிட்டால் அதன் நிலைமை மாட்டினவருக்கு மட்டும்தான் தெரியும்.

வண்டி ஒரு பழைய டீசல் வேன். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு ஷிப்ட் ஆள்களை ஏற்றி இறக்குகிற வேலை. விடியுமுன் ஒரு நடை, இருட்டின பிறகு ஒரு நடை. ஓட்டுபவரே சொந்தக்காரர். அவர் மாமாவை ‘அண்ணே’ என்பார், மாமா அவரைத் ‘தம்பி’ என்பார், நான் ‘அங்கிள்’ என்பேன். ‘சுக் சுக்னு ரயில் மாதிரி சத்தம் வருதுண்ணே, உள்ளுக்குள்ள டீசல் வாடை வேற. பின்னால ஒக்காந்திருக்கற பிள்ளைங்க மூக்கப் பொத்துதுங்க’ என்று கொண்டுவந்து விட்டார்.

எஞ்சின் மூடியைக் கழற்றினதும் தெரிந்துவிட்டது. மூன்றாவது இன்ஜெக்டரைச் சுற்றிக் கறுப்பாக, தாரை ஊற்றி ஆறவைத்தது போல ஒரு மேடு.

டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி கிடையாது. காற்றை நெருக்கிச் சூடாக்கி, அந்தச் சூட்டுக்குள் டீசலைப் பனி மாதிரித் தெளிக்க வேண்டும். தெளிக்கிற குழல்தான் இன்ஜெக்டர். சிலிண்டர் ஹெட்டில் ஒரு துளைக்குள் அது நிற்கிறது. அடியில் விரல்நகம் அளவு ஒரு செம்பு வாஷர், மேலே கவட்டை போல ஒரு கிளாம்ப். அந்தக் கிளாம்ப்பை அழுத்திப் பிடிப்பது, இந்த வண்டியில், ஒரே ஒரு 6 மில்லிமீட்டர் போல்ட். உள்ளே எரியும்போது அழுத்தம் 150 பாரைத் தொடலாம். இன்ஜெக்டரின் மூக்கு 7 மில்லிமீட்டர் விட்டம் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏறக்குறைய 60 கிலோ எடை கீழிருந்து மேலே தள்ளுகிறது. நிமிடத்துக்கு 2000 சுற்று ஓடுகிற எஞ்சினில் அந்தத் தள்ளல் ஒவ்வொரு சிலிண்டரிலும் நிமிடத்துக்கு 1000 தடவை. கிளாம்ப் கொஞ்சம் தளர்ந்தால் போதும், வாயு வாஷருக்கு அடியில் நுழைந்துவிடும். அதற்குப் பிறகு அழுத்தம் மூக்கின் வட்டத்தில் மட்டும் நிற்காது, வாஷரின் முழு அகலத்தையும் பிடித்துத் தள்ளும். கசிவு தன்னைத் தானே பெரிதாக்கிக்கொள்ளும். வெளியே வருகிற புகையும் எண்ணெயும் சூட்டில் சுண்டித்தான் அந்தத் தார்.

இந்த நோய்க்கு உலகப் புகழ் வாங்கித் தந்தவை மெர்சிடிஸ் பென்ஸ் 1997 முதல் வெளியிட்ட சிடிஐ எஞ்சின்கள். அந்த வண்டிகளை வைத்திருக்கும் ஆங்கிலக்காரர்கள் இதற்கு வைத்த பெயர் ‘கறுப்புச் சாவு’. பதினான்காம் நூற்றாண்டில் ஐரோப்பாவைக் காலி செய்த கொள்ளைநோயின் பெயரை ஒரு வாஷர் கசிவுக்கு வைப்பது கொஞ்சம் ஓவர்தான். ஆனால் ஒரு முழு நாள் அந்தத் தாரைச் சூடுகாட்டிச் சுரண்டிக்கொண்டிருந்த மாமாவைப் பார்த்தால் பெயர் வைத்தவர்களை மன்னித்துவிடலாம்.

தார் போன பிறகுதான் நிஜமான பிரச்சினை தெரிந்தது. கிளாம்ப் போல்ட் ஸ்பானரை எதிர்க்கவே இல்லை. வெளியே வந்தபோது அதன் மரைக்குள் வெள்ளையாக ஒரு அலுமினியச் சுருள் சிக்கியிருந்தது. ஹெட்டின் மரை போல்ட்டோடு சேர்ந்து வந்துவிட்டது.

இதற்கு முன்னால் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இந்த வகை போல்ட்டுகள் கொஞ்சம் நீண்டுகொடுத்து, அப்படி நீண்டதால்தான் பிடிக்கின்றன. குறிப்பிட்ட அளவு இறுக்கிவிட்டு அதற்கு மேல் குறிப்பிட்ட கோணம் திருப்பு என்பது கம்பெனி முறை. ஒருமுறை நீண்டதைத் திரும்பப் போடக் கூடாது, புதுசு போடணும். போடுவதற்கு முன் துளையின் அடியில் சேர்ந்த கரியை எடுக்கணும். எடுக்காவிட்டால் போல்ட் கரியில் போய் முட்டி நிற்கும். கையில் இறுக்கம் தெரியும், கிளாம்ப்பில் இருக்காது. கசிவு நிற்கவில்லையே என்று இன்னொரு இழுப்பு இழுத்தால் அலுமினியம் பாவம் என்ன செய்யும்? ‘எவனோ கடைசியா ஒரு இழுப்பு இழுத்திருக்கான்’ என்றார் மாமா. கோபமாகச் சொல்லவில்லை. ‘அவனுக்கு என்னா அவசரமோ.’

அந்த முகம் தெரியாத பொமேனை நானும் மரைக்காகக் குற்றம் சொல்ல மாட்டேன். அலுமினியத்தில் எஃகைத் திருகுகிற எவருக்கும் ஒரு நாள் அது நடக்கும். இறுகிக்கொண்டே வந்த போல்ட் திடீரென்று வெண்ணெயில் சுற்றுவது போல இலேசாகும். அந்த நொடி கைக்குத் தெரியாமல் போகாது என்று மாமா சொல்கிறார். அப்படியானால் அவருக்கும் தெரிந்திருக்கும். தெரிந்த பிறகு அவர் மூடியை மூடி, சாவியைக் கொடுத்து, காசை வாங்கியிருக்கிறார். நான் நிற்கிற இடம் அதுதான்.

இந்த நிலையில் ஒரு பொமேனுக்கு என்ன வழிகள் உண்டு? புது ஹெட் வாங்கலாம், விலை வேனை விடக் கூடுதலாக வரும். உடைத்து விற்கிற கடையில் பழைய ஹெட் எடுக்கலாம், அதன் மரைகளுக்கு யார் சாட்சி? ஆக, இருக்கிற துளையைத்தான் சரிசெய்ய வேண்டும். அதற்கு மூன்று முறைகள். மூன்றும் ஒரே மாதிரி உண்மையானவை அல்ல என்பது எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது.

முதலாவது, உலோகப் பசை. துளைக்குள் பூசி, போல்ட்டைத் திருகி, காயவிட்டுவிடுவது. வாடிக்கையாளர் பாலம் தாண்டுகிறவரை பிடிக்கும். இந்தச் சூட்டிலும் அதிர்விலும் அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. இதைப் பழுதுபார்த்தல் என்று நான் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது, துளையைப் பெரிதாக்கி 8 மில்லிமீட்டர் மரை வெட்டி, பெரிய போல்ட் போடுவது. இடம் இருந்தால் நன்றாகப் பிடிக்கும். ஆனால் அதற்குப் பிறகு அந்த எஞ்சினின் நாலு இன்ஜெக்டரில் ஒன்றுக்கு மட்டும் வேறு போல்ட், அதற்கேற்ப அராவிய கிளாம்ப். கம்பெனிப் புத்தகத்தைப் பார்த்து எம்6 போல்ட் வாங்கி வருகிறவர் திகைத்து நிற்பார்.

மூன்றாவது, இன்சர்ட். துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி, அதற்கென்றே உள்ள டேப்பால் புது மரை வெட்டி, ஸ்பிரிங் மாதிரி சுருண்ட எஃகுக் கம்பியை அதற்குள் திருகி இறக்குவது. கம்பியின் வெளிப்புறம் அலுமினியத்தைப் பிடித்துக்கொள்கிறது. உள்புறம் மறுபடியும் அதே எம்6. ஹெலிகாயில் என்ற வியாபாரப் பெயரே இதற்குப் பொதுப்பெயராகிவிட்டது.

மாமா மூன்றாவதைச் செய்தார். எம்6 இன்சர்ட்டுக்கு 6.3 மில்லிமீட்டர் டிரில் பிட். இன்ஜெக்டர் துளையைத் துணியால் அடைத்தார். ஒரு அலுமினியத் துகள் சிலிண்டருக்குள் விழுந்தால் மரையோடு போக வேண்டிய கதை பிஸ்டன் வரை போகும். டிரில் சாயாமல் இருக்க ஒரு இரும்புக் கட்டையில் நேராகத் துளை போட்டு அதை வழிகாட்டியாக வைத்தார். எவ்வளவு ஆழம் என்று டிரில் பிட்டில் டேப் ஒட்டிக் குறித்துக்கொண்டார், ஏனென்றால் ஹெட்டுக்குள் தண்ணீரும் எண்ணெயும் ஓடுகிற பாதைகள் இருக்கின்றன. பிறகு மரை வெட்டும் டேப்பில் கிரீஸைத் தடவி, அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால், மறுபடி வெளியே எடுத்துத் துகளைத் துடைத்து. ஒரு விரல்கணு ஆழத்துக்கு முக்கால் மணி நேரம். கடைசியில் சுருளை இறக்கி, அதன் அடியில் இருக்கிற சின்ன நாக்கைத் தட்டி உடைத்து, உடைந்த துண்டைக் கிரீஸ் தடவிய கம்பியால் எடுத்துக் காட்டினார். ‘இத உள்ள விட்டா அவ்வளவுதான்.’

இந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஜோசஃப் விட்வொர்த் ஞாபகம் வந்தார். 1841க்கு முன்னால் இங்கிலாந்தில் ஒவ்வொரு பட்டறைக்கும் அதனதன் மரை. ஒரு பட்டறையின் போல்ட் இன்னொரு பட்டறையின் நட்டில் ஏறாது. விட்வொர்த் பல பட்டறைகளிலிருந்து திருகாணிகளைச் சேகரித்து, அளந்து, சராசரி எடுத்து, 55 பாகைக் கோணத்தில் எல்லாருக்கும் ஒரே மரை என்று அந்த வருஷம் முன்மொழிந்தார். இன்றைய மெட்ரிக் மரைக்குக் கோணம் 60 பாகை, ஆனால் எண்ணம் அவருடையதுதான். எங்கோ ஒருவர் செய்த போல்ட், அவரைப் பார்த்தே இராத இன்னொருவர் வெட்டின துளையில் ஏறும். இதை நான் ஒரு வாக்குறுதி என்று பார்க்கிறேன். உலகத்திலேயே மிகச் சாதாரணமான, மிகப் பரவலாகக் காப்பாற்றப்படுகிற வாக்குறுதி. பசை அதை மீறுகிறது. 8 மில்லிமீட்டர் போல்ட் அதை மாற்றி எழுதுகிறது. எழுதியதைச் சொல்லியே ஆக வேண்டும். இன்சர்ட் மட்டும்தான் அதைப் பழையபடி நிறுத்துகிறது. அடுத்தவர் கடையில் போய் எம்6 என்று கேட்டால் போதும்.

சரி, அப்படியானால் இன்சர்ட் போட்டதைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லையே?

‘என்னா எழுதட்டும் மாமா?’

‘வாஷர் நாலு, போல்ட் நாலு, கூலி.’

‘மரை போட்டது?’

‘அது கூலிக்குள்ள வந்துருச்சும்மா.’

‘காசைக் கேக்கல மாமா. போட்டோம்னு எழுதணுமா வேணாமா?’

மாமா கைத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு என் மேசைக்கு வந்தார். ‘அந்தத் தம்பி ரெண்டு மாசத்துல வண்டிய விக்கப்போறான். ஹெட்டுல மரை போச்சுன்னு பில்லுல இருந்தா, வாங்குறவன் ஹெட்டே காலின்னு நெனப்பான். ஆயிரம் ரெண்டாயிரம் கொறைப்பான். நான் போட்டது கம்பெனி மரைய விட ஸ்ட்ராங். நல்லா இருக்கறத எழுதி எதுக்கும்மா அதக் கெட்டுப்போனதா ஆக்கணும்?’

இதை ஏமாற்றுக்காரரின் வாதம் என்று ஒதுக்க முடியாது. முதலில், அவர் சொல்கிற பொறியியல் சரி. சுருள் அலுமினியத்தைப் பழைய போல்ட்டை விட அகலமான வட்டத்தில் பிடிக்கிறது, ஆகவே சுமையைத் தாங்க அதிக உலோகம் கிடைக்கிறது. போல்ட் தேய்ப்பதும் இனி எஃகைத்தான். சின்ன விமானங்களின் எஞ்சின்களில் ஸ்பார்க் பிளக் துளைகளுக்குத் தொழிற்சாலையிலேயே இப்படி இன்சர்ட் போட்டு அனுப்புகிறார்கள். இரண்டாவது, அவர் சொல்கிற மனித இயல்பும் சரி. ‘மரை போனது’ என்ற உண்மையான வாக்கியம் வாங்குபவர் மனதில் ‘ஹெட் போனது’ என்ற பொய்யை உண்டாக்கும். வாய்மைக்கு வள்ளுவர் வைக்கும் அளவுகோல் தீங்கின்மை. குற்றமற்ற நன்மை வருமென்றால் பொய்க்குக்கூட அவர் இடம் தருகிறார். மாமா பொய்கூடச் சொல்லவில்லை. சும்மா இருக்கிறேன் என்கிறார்.

நான் எதிர்த்துச் சொன்னது முதலில் அவ்வளவு பலமாக இல்லை. வாங்குபவருக்குத் தெரிய உரிமை உண்டு என்றேன். ‘அவனுக்கு எது தெரிஞ்சா போதும்னு நீ எங்க நிறுத்துவ? போன வருஷம் ஃபேன் பெல்ட் மாத்தினதும் எழுதவா?’ என்றார். நியாயமான கேள்வி. மலேசியாவின் 1999ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சேவை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட வேண்டும் என்கிறது. மாமா அதில் முழு மதிப்பெண் வாங்குவார். கைமாறுகிற வண்டிக்குச் சோதனை உண்டு, சேஸிஸ் எண், எஞ்சின் எண்ணெல்லாம் பார்ப்பார்கள். மரையைப் பார்க்க மாட்டார்கள், பார்க்கவும் முடியாது.

எனக்குப் பலமான வாதம் கிடைத்தது அடுத்த பொமேனை நினைத்தபோதுதான். இன்சர்ட்டின் வெற்றியே அது கண்ணுக்குத் தெரியாதது. எம்6 போல்ட் வழுக்கிக்கொண்டு ஏறும், யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் சில வருஷம் கழித்து இன்னொருவர் இன்ஜெக்டரைக் கழற்றும்போது சுருள் போல்ட்டோடு சேர்ந்து வெளியே வரலாம். தெரிந்தவருக்கு அது அஞ்சு நிமிட வேலை, புதுச் சுருள் போடுவார். தெரியாதவர் மரை மொத்தமும் பிய்ந்துவிட்டது என்று நினைத்துத் துளையை இன்னும் பெரிதாக்குவார், ஏற்கெனவே பெரிதாக்கின துளை என்று அறியாமல். பக்கத்தில் தண்ணீர்ப் பாதை.

இதைச் சொன்னதும் மாமா சிரித்தார். ‘அவனுக்கா? அவனுக்கு நான் சொல்லிட்டேனே’ என்று என்னை எஞ்சினிடம் கூட்டிப்போனார். டார்ச் அடித்துக் காட்டினார். மூன்றாவது கிளாம்ப்புக்குப் பக்கத்தில், ஹெட்டின் மேல், ஆணியால் தட்டின மாதிரி மூன்று சின்னக் குழிகள் வரிசையாக. ‘கம்பெனியில இது வராது. கை வெக்கிறவன் பாப்பான். பாத்தா புரிஞ்சுக்குவான்.’

நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவர் எதையும் மறைக்கவில்லை. நான் பில்லில் தேடினதை அவர் உலோகத்தில் எழுதியிருக்கிறார். உண்மை யாருக்குக் கடன் என்ற கேள்விக்கு அவரிடம் தெளிவான பதில் இருக்கிறது: அதை வைத்து வேலை செய்யப் போகிறவருக்கு. படித்துப் புரிந்துகொள்ள முடியாதவரிடம் உண்மையைச் சொல்வது அவருக்கு வெறும் சத்தம்.

பைக் பழுதுபார்ப்பதை வைத்து ராபர்ட் பிர்சிக் எழுதி 1974இல் வந்த புத்தகம் எங்கள் தலைமுறையிலும் கைமாறிக்கொண்டிருக்கிறது. சிக்கிக்கொண்ட ஒரு திருகாணி முழு வண்டியையும் எப்படி மதிப்பில்லாததாக ஆக்குகிறது என்று அதில் அருமையாக யோசிக்கிறார். ஆனால் அவருடைய கவனம் பெரும்பாலும் பழுதுபார்ப்பவரின் மனம் மேல்தான்: பொறுமை, அகங்காரம், அக்கறை. வண்டி அவருடையது என்பதால் இருக்கலாம். மாமாவின் வண்டி எப்போதும் இன்னொருவருடையது. உடைந்த கிண்ணத்தைத் தங்கத்தால் ஒட்டுகிற ஜப்பானியக் கலையைப் பற்றி எழுதாத இணைய இதழ் இப்போது இல்லை. அங்கே ஒட்டினது தெரிவதுதான் அழகு. இங்கே தெரியாமல் இருப்பதுதான் வேலையின் தரம். ஆகவே அந்த உவமை எனக்கு உதவவில்லை.

மூன்று குழிகளை நான் மதிக்கிறேன். ஆனாலும் இரண்டு காரணங்களால் எனக்கு அவை போதவில்லை.

முதல் காரணத்துக்கு பாயான் பாருவை விட்டுக் கொஞ்சம் தூரம் போக வேண்டும். 1990 ஜூன் 10, பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390 பர்மிங்ஹாமிலிருந்து ஸ்பெயினின் மலாகாவுக்குக் கிளம்பியது. 17,300 அடி உயரத்தில் விமானியின் முன்கண்ணாடி பிய்ந்து போனது. விமானி இடுப்புவரை வெளியே இழுக்கப்பட்டார். பணியாளர்கள் அவர் காலைப் பிடித்துக்கொண்டிருக்க, துணை விமானி சவுத்ஹாம்ப்டனில் இறக்கினார். விமானி உட்பட எல்லாரும் பிழைத்தார்கள். கண்ணாடி அதற்குச் சற்று முன்புதான் இரவு வேலையில் மாற்றப்பட்டிருந்தது. அதைப் பிடித்த 90 போல்ட்டுகளில் 84இன் விட்டம் தேவையானதை விடக் குறைவு. ஏறும், திருகும், ஆனால் பிடிக்காது. அவை மரையில் நழுவினது, டார்க் ஸ்க்ரூடிரைவர் போதும் என்று ‘கிளிக்’ சொல்வது போலவே கைக்குத் தெரிந்தது.

இதில் என்னைத் தூங்கவிடாத பகுதி வேறு. அந்தப் பொறுப்பாளர் சோம்பேறி இல்லை. பழைய போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் போலவே இருப்பதைத் தேடினார். ஸ்டோர்காரர் சரியான எண்ணான 8டியைச் சொல்லவும் செய்தார். ஆனால் கழற்றியதோ 7டி. அதே போடலாம், இதுவரை பிடித்ததுதானே என்று அவர் முடிவு செய்தார். அந்த 7டியும் முந்தைய தடவை கண்ணாடி மாற்றினபோது யாரோ போட்ட தவறான போல்ட், நீளம் குறைவானது. வருஷக்கணக்கில் தாக்குப்பிடித்திருந்தது. பிறகு அதைப் போலவே தேடப்போய்க் கண்ணால் ஒப்பிட்டு எடுத்தது 8சி. உலோகம் அவரிடம் பேசியது, அவரும் கவனமாகக் கேட்டார், அது சொன்னதே தப்பு. பக்கத்தில் கையேடு இருந்தது.

மூன்று குழிகளும் அப்படித்தான். ஏதோ நடந்தது என்று சொல்லும். என்ன நடந்தது, எந்த அளவு, எவ்வளவு ஆழம் என்று சொல்லாது. ஒருவர் இன்சர்ட் என்று படிப்பார், இன்னொருவர் மூன்றாவது சிலிண்டர் என்பதற்கான அடையாளம் என்று படிப்பார். (நான் முதலில் அப்படித்தான் படித்தேன்.)

இரண்டாவது காரணம் கொஞ்சம் கசப்பானது. குழிகள் பொமேன்களின் பாஷை. அந்தப் பாஷையில் வண்டிக்காரர் இல்லை, வாங்குபவர் இல்லை, பின்னால் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் இல்லை. மாமா அடுத்த பொமேனுக்குக் காட்டுகிற மரியாதையும், முந்தைய பொமேனைத் திட்டாமல் விட்ட பெருந்தன்மையும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. தொழில்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள், வெளியே சொல்ல மாட்டார்கள். மருத்துவர்களிடமும் வக்கீல்களிடமும் இதைப் பார்த்திருக்கிறேன், வாத்தியார்களிடம் கூட. முந்தையவர் மூடியை மூடிவிட்டுப் போக முடிந்தது இந்த மௌனத்தின் நிழலில்தான். மாமாவின் மௌனம் நல்ல வேலையை மூடுகிறது, அவருடையது கெட்ட வேலையை. மூடியின் மேலிருந்து பார்ப்பவருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரிய வழியில்லை. நேர்மையான பொமேன் சொல்லாமல் இருப்பதால் நஷ்டம் அவருக்கே வருகிறது: நல்ல வேலைக்கும் பசை வேலைக்கும் ஒரே பில்.

பாயான் என்பது மலாயில் ஒரு வகைக் கிளி. பாயான் லெப்பாஸ் பறந்துபோன கிளி, பாயான் பாரு புதுக்கிளி என்று சின்ன வயதில் சொல்லிச் சிரிப்போம். 1972இல் பாயான் லெப்பாஸில் தொழிற்பேட்டை வந்தது, இன்டெல் முதல் வருஷமே வந்தது. அந்த வேனில் போகிற பிள்ளைகள் வேலை செய்கிற கட்டடங்களில் ஒரு சில்லு எந்தத் தொகுதி, எந்த ஷிப்ட், எந்த எந்திரம் என்று பின்னோக்கித் தேடிப் பிடிக்கலாம். எங்கோ ஒரு நாட்டில் ஒன்று கெட்டால் இங்கே இருக்கிற பதிவுக்கு வந்து நிற்பார்கள். அந்தப் பிள்ளைகளைச் சுமந்து போகிற எஞ்சினின் வரலாறு முழுக்க மூன்று குழி. ஒவ்வொரு வேனுக்கும் தொழிற்சாலைப் பதிவு கேட்கவில்லை. ஃபேன் பெல்ட்டை எழுதச் சொல்லவும் இல்லை. மாமா கேட்ட ‘எங்கே நிறுத்துவது’ என்பதற்கு என் பதில் இது: திரும்பக் கழற்றினால்கூட வெளியே தெரியாத மாற்றம் எதுவோ, அதை எழுத வேண்டும். பெல்ட் தன்னைத் தானே காட்டிக்கொள்ளும். இன்சர்ட் காட்டாது.

ஹெட் இப்போது பழைய ஹெட்டா புது ஹெட்டா என்று தீசியஸின் கப்பலை இழுத்து வரலாம். அதில் எனக்கு ஆர்வம் இல்லை, வண்டிக்கும் இல்லை.

மாமாவின் பயத்துக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டியிருந்தது: உண்மையான வாக்கியம் பொய்யான எண்ணத்தை உண்டாக்கும் என்ற பயம். அதற்கு மருந்து மௌனம் அல்ல, இன்னும் கொஞ்சம் நீளமான வாக்கியம் என்று எனக்குப் பட்டது. ‘ஹெட்டில் மரை போனது’ என்று நான் எழுதவில்லை. எழுதியது இது: ‘3ஆம் சிலிண்டர் இன்ஜெக்டர் கிளாம்ப் துளையில் எஃகு இன்சர்ட் போடப்பட்டது. அளவு எம்6. கம்பெனி போல்ட்டே போடலாம். போல்ட்டோடு சுருள் வந்தால் துளையைப் பெரிதாக்க வேண்டாம், புதுச் சுருள் போதும்.’ கீழே தேதி, கடை போன் நம்பர். அதையே மலாயிலும் எழுதினேன், அடுத்த பொமேன் யார் என்று தெரியாதே.

மாமா இரண்டு தடவை படித்தார். ‘நீளமா இருக்கு’ என்றார். பிறகு பேனாவை வாங்கி, ‘6.3 டிரில்’ என்று பக்கத்தில் சேர்த்தார். அது எனக்குத் தோன்றியிருக்காது.

அங்கிள் சாயங்காலம் வந்தார். எஞ்சினைப் போட்டுச் சத்தத்தைக் கேட்டார், முகம் மலர்ந்தது. பில்லில் கடைசி எண்ணை மட்டும் பார்த்தார். நான் நீளமான வரியைப் படித்துக் காட்டினேன். ‘அப்ப ஹெட்டு காலியாண்ணே?’ என்று மாமாவைத்தான் கேட்டார்.

‘காலி இல்லடா. முந்தி இருந்தத விட நல்லா இருக்கு.’

‘வாங்குறவன் கேட்டா என்னா சொல்றது?’

‘பில்லக் காட்டு. புரியலன்னா இங்க போன் பண்ணச் சொல்லு, நான் பேசுறேன்.’

அங்கிள் பில்லை நாலாக மடித்து சன் வைசருக்குப் பின்னால் செருகினார். அங்கே ஏற்கெனவே ஒரு கட்டு இருந்தது, பழைய சமன்கள், டோல் ரசீதுகள். வண்டியை விற்கும்போது அந்தக் கட்டு வண்டியோடு போகுமா, அவரோடு வீட்டுக்குப் போகுமா என்று நான் கேட்கவில்லை. இரவு ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று அவசரமாக ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார்.